ஓக் மரத் தரை: போடுவதற்கு முன்பும் போட்ட பின்பும்

டொராண்டோ பக்கம் வீடு வாங்குகிறவர்கள் பலருக்கும் முதல் ஆசை, பழைய கார்பெட்டைப் பிய்த்துவிட்டு மரத் தரை போடுவதுதான். நல்ல ஆசை. முக்கால் அங்குலக் கெட்டி ஓக் பலகையைச் சரியாகப் போட்டால் பல பத்தாண்டுகள் உழைக்கும். ஆனால் அதில் வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை ஈரத்தால் வருபவை. இங்கே ஜனவரியில் ஃபர்னஸ் ஓடி ஓடி வீட்டுக் காற்று வறண்டுவிடும். ஜூலையில் ஒரே புழுக்கம். மரம் குளிரில் சுருங்கும், கோடையில் உப்பும். அதுவும் நீளவாக்கில் இல்லை, அகலவாக்கில். கீழே சொல்லும் எல்லா வேலையும் இந்த அசைவை மனதில் வைத்துத்தான்.

1. பலகையைத் தேர்ந்தெடுங்கள்

பேஸ்மென்ட்டுக்குக் கெட்டி மரம் வேண்டவே வேண்டாம். கான்கிரீட்டிலிருந்து ஈரம் ஏறும். அங்கே எஞ்சினியர்டு பலகை போடலாம். அதில் மேலே நிஜ மரம் ஓர் அடுக்குதான். அடியில் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிய ப்ளைவுட் இருப்பதால் அசைவு குறைவு. மேல்தளங்களுக்குக் கெட்டி மரம் சரி.

மரத்தின் கடினத்தை ஜாங்கா எண்ணில் சொல்வார்கள். சிவப்பு ஓக் 1290, வெள்ளை ஓக் 1360, ஹார்ட் மேப்பிள் 1450. எண்ணில் மேப்பிள் முந்தினாலும் என் ஓட்டு ஓக்குக்கே. ஓக்கின் தூக்கலான ரேகையில் சின்னக் கீறல்கள் கண்ணில் படாது. வழுவழுப்பான மேப்பிளில் ஒவ்வொன்றும் தெரியும். பலகையின் அகலம் கூடினால் குளிர்கால இடைவெளியும் கூடும். முதல்முறை போடுகிறவர்களுக்கு இரண்டேகால் அல்லது மூன்றேகால் அங்குலப் பலகை, தொழிற்சாலையிலேயே பூச்சு அடித்து வந்ததாக இருந்தால் நல்லது. வெட்டில் வீணாவதற்கு 5 முதல் 10 சதவீதம் கூடுதலாக வாங்கிக்கொள்ளுங்கள்.

2. அடித்தளத்தைச் சரிசெய்யுங்கள்

கார்பெட்டை எடுத்த பிறகு மிஞ்சும் ஸ்டேபிள் பின்களை ஒன்றுவிடாமல் பிடுங்குங்கள். நடந்து பாருங்கள், கிரீச்சிடும் இடத்தில் அடியிலுள்ள ப்ளைவுட்டை ஜாய்ஸ்டோடு (அதைத் தாங்கும் உத்திரம்) சேர்த்து ஸ்க்ரூ முடுக்குங்கள். நீளமான நேர்க்கட்டை ஒன்றை வைத்துப் பார்த்தால், 10 அடிக்குக் கால் அங்குலத்துக்கு மேல் மேடு பள்ளம் இருக்கக் கூடாது.

ஓர் எச்சரிக்கை. 1980க்கு முந்தைய வீடுகளில் பழைய வினைல் ஓடுகளிலும் அவற்றை ஒட்டிய கருப்புப் பசையிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். பரிசோதனைக் கூடத்தில் கொடுத்துப் பார்க்காமல் அதை உடைக்கவோ தேய்க்கவோ வேண்டாம்.

3. மரத்தை வீட்டுக்குப் பழக்குங்கள்

பலரும் தாண்டிப் போகிற படி இதுதான். பெயின்ட், சுவர்ப்பூச்சு, டைல்ஸ் எல்லாம் முடிந்து, காய்ந்து, வீடு வழக்கமாக ஓடும் சூட்டில் இருக்கும்போதுதான் பலகை உள்ளே வர வேண்டும். கராஜில் அடுக்கி வைப்பதில் பலன் இல்லை. போடப்போகும் அறையிலேயே பெட்டிகளைப் பிரித்து, இடையில் காற்றுப் போக அடுக்குங்கள்.

"மூன்று நாள் வைத்தால் போதும்" என்று கடையில் சொல்வார்கள். நாளை எண்ணாமல் மீட்டரைப் பாருங்கள். ஊசி முனையுள்ள ஈரப்பத மீட்டர் ஒன்று வாங்குங்கள், வாடகைக்கும் கிடைக்கும். வெவ்வேறு பெட்டிகளிலிருந்து பலகைகளை எடுத்துக் குத்திப் பாருங்கள். அடியிலுள்ள ப்ளைவுட்டிலும் அறை முழுக்கப் பல இடங்களில் பாருங்கள். பலகை 3 அங்குலத்துக்குக் குறைவான அகலம் என்றால் இரண்டின் சராசரிக்கும் 4 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது; அதற்கு மேற்பட்ட அகலம் என்றால் 2 சதவீதம். வரவில்லையா, காத்திருங்கள். ஆள் வந்துவிட்டார் என்பதற்காக ஆரம்பிக்காதீர்கள்.

4. ஆணி அடியுங்கள்

பலகை ஜாய்ஸ்டுக்குக் குறுக்காக ஓட வேண்டும். சுவரோரம் முக்கால் அங்குலம் இடைவெளி விடுங்கள். கோடையில் மரம் உப்ப அந்த இடம் தேவை. சுவரடியில் அடிக்கும் பேஸ்போர்ட் பட்டை அதை மறைத்துவிடும். முதல் வரிசைக்குச் சாக்குக்கட்டி நூலில் கோடு போட்டுக்கொள்ளுங்கள், அது கோணினால் அறை முழுக்கக் கோணும். அடுத்தடுத்த வரிசைகளின் முனைகள் குறைந்தது 6 அங்குலமாவது தள்ளி இருக்கட்டும். தரை ஆணி அடிக்கும் கருவியை வாடகைக்கு எடுத்து, இரண்டேகால் அங்குலப் பலகையென்றால் 8 முதல் 10 அங்குலத்துக்கு ஒன்றாகவும், மூன்றேகாலென்றால் 6 முதல் 8 அங்குலத்துக்கு ஒன்றாகவும் அடியுங்கள்.

5. அன்றாடம் பார்த்துக்கொள்ளுங்கள்

காற்றின் ஈரப்பதத்தைக் காட்டும் சின்ன மீட்டரை ஹாலில் வையுங்கள். 35 முதல் 50 சதவீதத்துக்குள் இருந்தால் தரைக்கும் நல்லது, மூக்குக்கும் நல்லது. குளிரில் ஹியூமிடிஃபையர், கோடையில் ஏசி. பிப்ரவரியில் பலகைகளுக்கு இடையே மெல்லிய கீற்று தெரிந்தால் பதறாதீர்கள், கோடையில் மூடிக்கொள்ளும். அதில் ஃபில்லர் வைத்து அடைத்தால் மரம் உப்பும்போது பிதுங்கி வந்துவிடும்.

ஊரில் மொசைக் தரையை வாளித் தண்ணீரில் துடைத்துப் பழகிய கை இங்கே கொஞ்சம் அடங்க வேண்டும். தினமும் பெருக்குங்கள், வாரம் ஒருமுறை பிழிந்த மைக்ரோஃபைபர் துணியால் துடைத்தால் போதும். ஸ்டீம் மாப் கூடாது. வினிகரும் கூடாது, நாளடைவில் பளபளப்பு போய்விடும். வாசலில் பூட்ஸ் வைக்கத் தட்டு போடுங்கள்: சாலையில் தூவும் உப்பு தரையைக் கீறும், வெள்ளைத் திட்டும் விடும். நாற்காலிக் கால்களில் ஃபெல்ட் ஒட்டுங்கள். சாமி விளக்குக்கு அடியில் அகலமான தாம்பாளம் இருக்கட்டும்.

6. பூச்சைச் சோதியுங்கள்

அதிகம் நடக்கும் இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். முத்தாக நின்றால் பூச்சு நன்றாக இருக்கிறது. ஊறி மரம் கறுத்தால் பூச்சு தேய்ந்துவிட்டது. அந்த நிலைக்கு வரும் முன்பே மேலாக உப்புத்தாளால் தேய்த்து ஒரு கோட் பாலியூரித்தேன் அடித்துவிட்டால் பழைய பூச்சு முழுவதையும் தேய்த்தெடுக்கும் சாண்டிங் வேலை மிச்சம். எண்ணெய், மெழுகு கலந்த பாலிஷ் போட்டிருந்தால் அந்தக் கோட் ஒட்டாது. ஆகவே அந்த மாதிரிப் பாலிஷைத் தொடாதீர்கள்.

பலகையின் இரு ஓரமும் தூக்கி, நடு குழிந்து தெரிகிறதா? அடியில் எங்கோ ஈரம். டிஷ்வாஷர் குழாயையும் அடியிலுள்ள பேஸ்மென்ட்டையும் பாருங்கள். கசிவை அடைத்துக் காயவிடுங்கள். அவசரப்பட்டு ஓரங்களைச் சாண்டிங் செய்தால் மரம் காய்ந்ததும் நடு மேடாகிவிடும். காய்ந்தால் பெரும்பாலும் தானே தணியும். மீட்டர் பழைய அளவுக்குத் திரும்பிய பிறகே சாண்டிங் பற்றி யோசியுங்கள்.