காரின் பின்சக்கர டிரம் பிரேக்: ஷூ மாற்றுவதும் இடைவெளியைச் சரிசெய்வதும்

ஹேண்ட் பிரேக்கை முன்பைவிட உயரமாக இழுத்தால்தான் கார் சரிவில் நிற்கிறது என்றால், பலரும் முதலில் செய்வது கேபிள் நட்டை இரண்டு சுற்று முறுக்கிவிடுவதுதான். பெரும்பாலும் தேய்ந்திருப்பது கேபிள் அன்று, சக்கரத்தோடு சுழலும் டிரம்முக்குள் இருந்து, அதை அழுத்தி நிறுத்தும் ஷூவின் லைனிங், அதாவது உராய்வுப் பட்டை. லைனிங் தேயத் தேய ஷூவுக்கும் டிரம்முக்கும் உள்ள இடைவெளி கூடுகிறது. அதைக் கேபிளை இழுத்துக்கட்டி மறைத்தால், ஷூவோடு பிணைந்த ஹேண்ட் பிரேக் நெம்புகோல் தன் ஓய்வு நிலைக்குத் திரும்பாது. பல கார்களில், தேய்மானத்துக்கேற்ப ஷூவை விரித்து இடைவெளியைக் குறைக்கும் தானியங்கி அட்ஜஸ்டரும் வேலை செய்யாமல் நின்று, பிரேக் மிதி மேலும் ஆழமாக இறங்கத் தொடங்கும். எனவே முதலில் ஷூ, அடுத்து அட்ஜஸ்டர், கடைசியில் மட்டுமே கேபிள் என்ற வரிசையை மாற்றக் கூடாது. இங்கே சொல்பவை முன்பக்கம் டிஸ்க்கும் பின்பக்கம் டிரம்மும் கொண்ட, முன்சக்கரங்கள் இழுக்கும் ஆல்ட்டோ, வேகன் ஆர் போன்ற சிறிய கார்களை மனத்தில் வைத்து எழுதியவை.

காரைச் சமதளத்தில் நிறுத்தி, சக்கர நட்டுகளைத் தரையில் இருக்கும்போதே சற்றுத் தளர்த்திக்கொள்ளவும். டிரம்மைக் கழற்ற ஹேண்ட் பிரேக்கை விடுவிக்க வேண்டியிருப்பதால், முன்சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை கொடுத்து, முதல் கியரில் போட்டுவிட வேண்டும். காரைத் தூக்கிய பின் ஸ்டாண்டின் மேல் இறக்கி வைக்கவும். ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் கை நீட்டுவது எவ்வளவு பழகியவருக்கும் கூடாத வேலை.

பழைய லைனிங் சிலவற்றில் கல்நார் கலந்திருக்கும். அந்தத் தூசு நுரையீரலுக்குக் கேடு. பட்டறைகளில் காற்றுக் குழாயால் ஊதிச் சுத்தம் செய்வதைப் பார்த்திருப்போம், அதைப் பின்பற்ற வேண்டாம். பிரேக் கிளீனரையோ சோப்புத் தண்ணீரையோ தெளித்து, ஈரமாகவே துடைத்தெடுக்கவும்.

டிரம் எப்படிப் பிடித்திருக்கிறது என்பது காருக்குக் கார் மாறும். சிலவற்றில் டிரம்மும் பேரிங்கும் ஒன்றாக இருப்பதால், நடுவிலுள்ள பெரிய நட்டைக் கழற்ற வேண்டும்; அதைத் திரும்பப் பூட்டும் முறுக்கு அளவைச் சர்வீஸ் கையேட்டில் பார்த்தே செய்ய வேண்டும். மற்றவற்றில் டிரம் வெறுமனே, சக்கரம் பூட்டப்படும் ஹப்பின் மேல் அமர்ந்திருக்கும், ஆனால் துரு பிடித்து அசையாது. டிரம்மின் முகத்தில் மரையிட்ட இரண்டு துளைகள் இருந்தால், அவற்றில் பொருந்தும் போல்ட்டுகளை மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்க, டிரம் தானாக வெளியே வரும். நன்றாகச் சுழன்றும் வெளியே வர மறுத்தால், தேய்மானத்தால் உள்விளிம்பில் உண்டான மேடு ஷூவில் மாட்டுகிறது என்று பொருள். ஷூக்கள் பொருத்தப்பட்டிருக்கும் பின்தட்டின் துளை வழியாக அட்ஜஸ்டரைப் பின்வாங்கி ஷூவைச் சுருக்க வேண்டும். டிரம் வெளியே இருக்கும்போது யாரும் பிரேக்கை மிதிக்கக் கூடாது. மிதித்தால், ஆயில் அழுத்தத்தால் ஷூக்களைத் தள்ளும் வீல் சிலிண்டரின் பிஸ்டன்கள் வெளியே பிதுங்கி ஆயில் கொட்டிவிடும்.

ஒரு பக்கத்தை முழுமையாக முடித்த பிறகே மறுபக்கத்தைப் பிரிக்கவும். எந்த ஸ்பிரிங் எந்தத் துளையில் மாட்டியிருந்தது என்ற ஐயம் வரும்போது, பிரிக்காத பக்கம் கண்ணாடிப் பிம்பமாக விடை சொல்லும். கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்வதும் நல்லது. லைனிங் 1 மி.மீ. அளவுக்குத் தேய்ந்தால் மாற்றுமாறு பல தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள். டிரம்மைக் கழற்றும் சிரமத்தை எண்ணினால், 2 மி.மீ.யிலேயே மாற்றிவிடுவது அறிவுடைமை. டிரம்மின் உள்விட்டம் எதுவரை தேயலாம் என்பது பெரும்பாலும் டிரம்மிலேயே பொறிக்கப்பட்டிருக்கும்; அதைத் தாண்டினால் லேத்தில் கடையாமல் புதியதே வாங்க வேண்டும். வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியைச் சற்று விலக்கிப் பார்த்து, உள்ளே ஆயில் தேங்கியிருந்தால் சிலிண்டரையும் மாற்றவும். ஆயிலில் ஊறிய லைனிங்கைக் கழுவிப் பயன்படுத்தலாம் என்று சொல்பவர்கள் உண்டு, அது பலிக்காது. ஷூக்களை இரு பக்கமும் சேர்த்து நான்காகவே மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் பிரேக் பிடிக்கும்போது கார் ஒரு பக்கமாக இழுக்கும்.

ஷூவைப் பின்தட்டோடு பிடித்திருக்கும் சிறு ஸ்பிரிங்கைக் கொறடால் உள்ளே அழுத்தி, தட்டின் பின்புறம் விரலால் அதன் 'பின்' ஊசியைத் தாங்கியபடி கால் சுற்றுத் திருப்பினால் விடுபடும். இழுப்பு ஸ்பிரிங்குகள் கையை விட்டு எகிறக்கூடியவை, கண்ணாடி அணிந்துகொள்ளவும். பிரித்த பின் ஷூவின் ஓரம் உரசும் மேடுகளைப் பின்தட்டில் தேடிப் பாருங்கள். அங்கே பள்ளம் விழுந்திருந்தால் ஷூ சிக்கித் திரும்பாமல் நிற்கும். மேடுகளைச் சுத்தம் செய்து, சூடு தாங்கும் பிரேக் கிரீஸை மிக மெல்லியதாகத் தடவவும். லைனிங்கிலோ டிரம்மிலோ ஒரு துளிகூடப் படக் கூடாது. புதிய டிரம் என்றால் துருத் தடுப்பு எண்ணெயைக் கழுவி நீக்க வேண்டும். நட்சத்திரப் பல் அட்ஜஸ்டர்களில் இடது, வலது மரைகள் எதிரெதிராக இருக்கும் என்பதால், அவற்றை மாற்றிப் பூட்டினால் மிதிக்க மிதிக்க இடைவெளி குறைவதற்குப் பதில் கூடும்.

கேபிளைத் தளர்த்திவிட்டு, இரு பக்கமும் ஹேண்ட் பிரேக் நெம்புகோல் தன் ஓய்வு நிலையில் அமர்ந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே இடைவெளியைத் தொட வேண்டும். அட்ஜஸ்டரை ஒவ்வொரு பல்லாக விரித்து, ஒவ்வொரு முறையும் டிரம்மை ஏற்றிப் பார்க்கவும். ஷூவின் மேல் லேசான உரசலோடு வழுக்கி ஏறி, கையால் சுற்றும்போது மெல்லிய இழைவு ஒலி மட்டும் கேட்டால் அதுவே சரியான அளவு. இரு பக்கமும் ஒரே உணர்வைத் தர வேண்டும், இதில் அவசரம் ஆகாது. டிரம்கள் ஏறியபின் மிதியைப் பத்துப் பதினைந்து முறை நிதானமாக அழுத்தினால் ஷூக்கள் நடுநிலைக்கு வரும். பிறகு கேபிளை முறுக்கவும். கையேடு வேறு சொல்லாதவரை, ஐந்து முதல் எட்டு 'கிளிக்'குக்குள் பின்சக்கரங்கள் பூட்டிக்கொள்ள வேண்டும், விடுவித்தவுடன் தடையின்றிச் சுழல வேண்டும்.

சிலிண்டரை மாற்றியிருந்தால் பிரேக் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றியே ஆக வேண்டும். பிரேக் ஆயில் தொட்டியின் மூடியில் எழுதியுள்ள தரத்து ஆயிலையே ஊற்றவும். டாட் 3, டாட் 4 ஆயில்கள் காற்றின் ஈரத்தை உறிஞ்சுபவை என்பதால், திறந்து கிடந்த பழைய டப்பா கூடாது. சிலிக்கான் அடிப்படையிலான டாட் 5ஐ இவற்றோடு ஒருபோதும் கலக்கக் கூடாது.

சக்கரங்களைப் பூட்டி, இறக்கி, நகரும் முன் மிதி உறுதியாக நிற்கிறதா என்று பாருங்கள். வெறிச்சோடிய சாலையில் மிதமான வேகத்திலிருந்து மெல்ல மெல்லப் பலமுறை நிறுத்தினால் புதிய லைனிங் டிரம்மின் வளைவுக்குப் படியும். அது வரை பிடிப்பு சற்றுக் குறைவாகவே இருக்கும். ஓடிய பின் ஒரு சக்கரம் மட்டும் மற்றதைவிடச் சூடாகத் தெரிந்தால், பெரும்பாலும் அந்தப் பக்க அட்ஜஸ்டர் ஒரு பல் அதிகமாக விரிந்திருக்கும். திறந்து, அதைப் பின்வாங்கவும். ஒரு வாரம் ஓடியதும் சக்கர நட்டுகளை மீண்டும் சரிபார்த்து, ஹேண்ட் பிரேக்கின் 'கிளிக்'குகளை எண்ணுங்கள். எண்ணிக்கை கூடியிருந்தால் கேபிளை அல்ல, முதலில் அட்ஜஸ்டரைப் பாருங்கள்.