கேட்டமரானில் சர்ஃபேஸ் டிரைவ்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அதிவேகக் கேட்டமரானுக்கு, அதாவது இரண்டு ஹல் (அடிக்கூடு) கொண்ட படகுக்கு, சர்ஃபேஸ் டிரைவ் பொருத்துகிற புதியவர்கள் போல்ட் முறுக்கிலோ சீலன்ட் தேர்விலோ பெரும்பாலும் தவறுவதில்லை. அவையெல்லாம் கையேட்டிலேயே இருக்கின்றன. படகுக்குப் படகு மாறும் விஷயங்களில்தான் ஒரே தவறுகள் திரும்பத் திரும்ப நடக்கின்றன. அவற்றை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

சர்ஃபேஸ் டிரைவில் புரொப்பல்லரின் கீழ்ப்பாதி நீரிலும் மேல்பாதி காற்றிலும் சுற்ற வேண்டும். ஒவ்வொரு இதழும் காற்றை இழுத்துக்கொண்டே நீரில் இறங்குவதால் அதன் முதுகில் நீராவிக் குமிழிகள் உடைந்து உலோகத்தை அரிப்பதில்லை. ஷாஃப்டும் அதைத் தாங்கும் ஸ்ட்ரட்டும் நீருக்கு வெளியே இருப்பதால் இழுவையும் குறைகிறது. இந்த லாபம் எல்லாமே பாதிக்குப் பாதி என்ற கணக்கு சரியாக அமைவதைப் பொறுத்தது.

ஷாஃப்டின் உயரத்தைத் தவறாக எடுப்பது

மற்ற தவறுகளைக் கழற்றி மாட்டிச் சரிசெய்துவிடலாம். இதைச் சரிசெய்ய படகின் பின்சுவரான டிரான்சமை அறுக்க வேண்டும். ஷாஃப்டுக்காகப் போட்ட பழைய துளையை அடைக்க, அதன் விளிம்பை லாமினேட் (ஃபைபர் அடுக்கு) தடிமனைப் போல 12 மடங்கு அகலத்துக்குச் சரிவாகத் தேய்த்து, அடுக்கடுக்காக ஃபைபரும் எபாக்சியும் போட வேண்டும். அதன்பின் கியர்பாக்ஸும் இன்ஜினும் புதிய உயரத்துக்கு மாற வேண்டும், மவுன்ட் படுக்கைகளையும் புதிதாகச் செய்ய வேண்டும். இவ்வளவு தெரிந்தும், இன்ஜின் வந்து இறங்கிய அன்றே துளையைப் போட்டுவிடுகிறார்கள். இதைப் பார்க்கும்போது இன்றும் எரிச்சலாகத்தான் இருக்கிறது.

தவறு பெரும்பாலும் மூன்று வழிகளில் நுழைகிறது. முதலாவது, படகு நிற்கும்போதுள்ள நீர்மட்டத்தை வைத்து அளப்பது. ஓடும்போது அந்த மட்டத்துக்கும் புரொப்பல்லருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. படகு நீரின் மேல் வழுக்கி ஓடும் பிளேனிங் வேகத்தில் நீர் ஹல்லின் அடிவிளிம்பிலிருந்து வெட்டினாற்போல் பிரிந்து பின்னால் போகிறது, டிரான்சம் முழுவதும் உலர்ந்துவிடுகிறது. புரொப்பல்லர் சந்திப்பது அப்படிப் பிரிந்துபோகும் நீர்ப்பரப்பைத்தான். எனவே அந்தந்த ஹல்லின் அடித்தளத்தைப் பின்னோக்கி நீட்டிய கோட்டிலிருந்துதான் உயரத்தை அளக்க வேண்டும். இரண்டு ஹல்லுக்கும் நடுவிலுள்ள டனலின் கூரையோ பூசிய பெயின்ட் கோடோ இதற்கு உதவாது.

இரண்டாவது, ஷாஃப்ட் ஹல்லின் குறுக்கே எங்கே நிற்கிறது என்பதைப் பார்க்காமல் ஹல்லின் மிகத் தாழ்ந்த அடிக்கோடான கீலிலிருந்து மட்டும் அளப்பது. பல கேட்டமரான்களில் ஹல்லின் டனல் பக்கம் ஏறக்குறைய செங்குத்தாக இருக்கும், டெட்ரைஸ் (கீலிலிருந்து பக்கவாட்டில் அடித்தளம் மேலேறும் சாய்வு) முழுவதும் வெளிப்பக்கம்தான். டெட்ரைஸ் 20 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்ஜினுக்கு இடம் போதவில்லை என்று ஷாஃப்டைக் கீலிலிருந்து 100 மி.மீ. வெளியே தள்ளினால், அந்த இடத்தில் அடித்தளம் 36 மி.மீ. மேலே இருக்கும். கீலிலிருந்து அளந்த உயரத்தை அப்படியே வைத்தால் புரொப்பல்லர் அதே 36 மி.மீ. கூடுதல் ஆழத்தில் போய் உட்காரும்.

மூன்றாவது, நன்றாக ஓடும் ஒரு வி-ஹல் படகின் அளவை எடுத்து வந்து ஒட்டவைப்பது. டிரான்சமை விட்டபின் நீர் அடித்தளக் கோட்டிலேயே போவதில்லை, மெல்ல மேலே வளைகிறது. எவ்வளவு வளையும் என்பது படகு ஓடும் சாய்வையும், புரொப்பல்லர் எவ்வளவு பின்னால் இருக்கிறது என்பதையும் பொறுத்தது. 1.2 மீட்டர் பின்னால் இருக்கும் புரொப்பல்லருக்கு ஒரு டிகிரி சாய்வு ஏறக்குறைய 20 மி.மீ. வரை வித்தியாசம் தரும். டனல் காற்றில் பாரத்தைத் தாங்கித் தட்டையாக ஓடும் கேட்டமரானின் சாய்வும், மூக்கைத் தூக்கி ஓடும் வி-ஹல்லின் சாய்வும் ஒன்றல்ல.

“டிரிம் இருக்கிறதே, அதில் சரிசெய்துகொள்ளலாம்” என்பதுதான் இதற்கு வழக்கமாக வரும் பதில். ஹோவர்ட் ஆர்னசன் 1980-களில் பரவலாக்கிய வகை டிரைவில் டிரான்சமில் ஒரு பந்து மூட்டும் மேலே டிரைவை ஏற்றி இறக்கும் டிரிம் சிலிண்டரும் உண்டு. உயரத்தை மாற்ற முடியும் என்பது உண்மைதான். ஆனால் உயரம் மாறும்போது ஷாஃப்டின் சாய்வும் சேர்ந்தே மாறுகிறது. துளை 40 மி.மீ. தாழ்ந்துவிட்டால், 1.2 மீட்டர் நீளத்தில் அதை ஈடுகட்ட ஏறக்குறைய 2 டிகிரி மேலே டிரிம் செய்ய வேண்டும். அப்போது தள்ளுவிசையின் ஒரு பகுதி பின்புறத்தைக் கீழே அழுத்துகிறது, மூக்கு எழும்புகிறது. தலா 500 குதிரைத்திறன் உள்ள இரண்டு இன்ஜின்கள், 60 நாட் வேகம், 60 சதவீதத் திறன் என்று கணக்கிட்டால் மொத்தத் தள்ளுவிசை ஏறக்குறைய 14 கிலோ நியூட்டன். அதில் 2 டிகிரிக்குரிய பங்கு 50 கிலோ எடைக்குச் சமம், அதுவும் டிரான்சமையும் தாண்டிப் பின்னால் நிற்கும் எடை.

வி-ஹல்லில் இதனால் ஓட்டம் கொஞ்சம் கெடும், அவ்வளவுதான். கேட்டமரானில் இது உயிருக்கே ஆபத்து. மூக்கு எழும்பினால் டனலுக்குள் நுழையும் காற்றின் தூக்குவிசை கூடுகிறது. அந்த விசை வேகத்தின் இருமடி விகிதத்தில் வளர்கிறது. அது படகின் ஈர்ப்பு மையத்துக்கு முன்னால் விழும்போது மூக்கு இன்னும் எழும்பும். எதிர்க்காற்றில் ஒரு அலை முதுகைத் தாண்டுகிற கணத்தில் படகு பின்னோக்கிப் புரண்டுவிடக்கூடும். தாழ்ந்த துளையைச் சமாளிக்கத்தான் ஓட்டுநர் டிரிமை ஏற்றி வைத்திருக்கிறார். மூக்கை இறக்க அவருக்கு இருக்கும் ஒரே கருவி ஏற்கெனவே வேறு வேலையில் மாட்டிக்கொண்டிருக்கிறது.

துளை உயர்ந்துபோனால் நிலைமை தலைகீழ். டிரிமை இறக்கியே ஓட வேண்டும், பின்புறம் தூக்கி மூக்கு அழுந்தும், நனையும் பரப்பு கூடி வேகம் குறையும். டிரிம் இல்லாத நிலையான ஷாஃப்ட் வகையில் இந்தச் சமாளிப்புகளுக்கும் வழியில்லை.

செய்ய வேண்டிய முறை இதுதான். ஹல் அடியின் கடைசி 1.5 மீட்டரில் ஷாஃப்ட் வரும் கோட்டில் 2 மீட்டர் நேர்ச்சட்டத்தை வைத்து, குழிவோ புடைப்போ இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் முதலில் அதைத் தட்டையாக்குங்கள், இல்லையென்றால் நீங்கள் நீட்டும் கோடே பொய்யாகிவிடும். பிறகு சட்டத்தைப் புரொப்பல்லர் நிற்கும் இடம்வரை பின்னால் நீட்டி, அங்கே புரொப்பல்லர் விட்டத்தில் வெட்டிய பிளைவுட் வட்டத்தை நிறுத்துங்கள். ஷாஃப்ட் அடித்தளத்துக்கு இணையாக, டிரிம் சிலிண்டர் நடு ஓட்டத்தில் இருக்கும்போது, வடிவமைப்பாளர் கணித்த நீர்மட்டம் வட்டத்தின் மையத்தில் வர வேண்டும். அதன்பின் டிரான்சமில் 6 மி.மீ. துளை மட்டும் போட்டு, கியர்பாக்ஸ் ஃபிளாஞ்சின் மையத்திலிருந்து மெல்லிய எஃகுக் கம்பியை இழுத்துக் கட்டிப் பாருங்கள். இரண்டு ஹல்லிலும் அளவு ஒத்துப்போன பிறகே பெரிய துளை.

ஹம்ப்பை மறப்பது

ஹம்ப் என்பது படகு பிளேனிங்குக்கு எழும்பும் முன் தாண்ட வேண்டிய அதிக இழுவைக் கட்டம். உச்ச வேகத்துக்கு மட்டும் பிட்ச் (ஒரு சுற்றில் புரொப்பல்லர் முன்னேற வேண்டிய தூரம்) தேர்ந்தெடுத்தால் படகு எழும்பவே எழும்பாது. புறப்படும்போது புரொப்பல்லர் முழுவதும் நீரில் மூழ்கியிருக்கும், ஓடும்போது ஏற்கும் சுமையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கை ஏற்கும். டர்போ டீசல் அந்தக் குறைந்த சுற்றில் பூஸ்ட் கட்டாமல் கரும்புகையோடு திணறும். கேட்டமரானின் ஒடுங்கிய ஹல்கள் பின்பாரத்தில் நன்றாகவே அமிழ்வதால் சிக்கல் இன்னும் கூடும். புரொப்பல்லருக்கு முன்னால் மேல்பாதிக்குக் காற்றோ எக்ஸாஸ்ட்டோ கொண்டுவரும் குழாயை வடிவமைப்பிலேயே சேர்த்துவிடுங்கள். இதழ்களுக்குக் காற்று கிடைத்தால் சுமை இறங்கும், இன்ஜின் சுற்று ஏறும். அதுவும் போதாத கனமான படகுக்கு இரண்டு வேக கியர்பாக்ஸ்தான் வழி.

சாதாரணப் புரொப்பல்லரை வெட்டி மாட்டுவது

வேண்டாம். கூரான முன்விளிம்பும் தடித்த பின்விளிம்பும் கொண்ட இதழ்தான் இதற்கு உரியது.

டை பாரைக் குறைவாக மதிப்பிடுவது

பாதி மூழ்கிய புரொப்பல்லர் முன்னோக்கித் தள்ளுவதோடு பக்கவாட்டிலும் பலமாகத் தள்ளும். இரண்டும் எதிரெதிராகச் சுற்றினால் படகளவில் அது சமனாகும், ஆனால் அந்த விசை முழுவதும் இரண்டு டிரைவையும் இணைக்கும் டை பாரில் வந்து விழும். புரொப்பல்லரின் மேல்பாதி வெளிநோக்கிச் சுற்றினால் பார் இழுபடும், உள்நோக்கிச் சுற்றினால் அமுங்கும். வி-ஹல்லில் இரண்டு டிரைவுக்கும் இடைவெளி குறைவு என்பதால் மெல்லிய பாரே தாங்கிவிடும். கேட்டமரானில் அது டனலின் முழு அகலத்தையும் கடக்க வேண்டும். அமுக்கத்தில் ஒரு பார் வளையாமல் தாங்கும் சுமை அதன் நீளத்தின் இருமடி விகிதத்தில் குறைகிறது: நீளம் இரண்டு மடங்கானால் தாங்குதிறன் கால்பங்கு. பல கேட்டமரான்களில் புரொப்பல்லர்களை உள்நோக்கிச் சுற்றவிடுகிறார்கள். அப்படியென்றால் தடித்த குழாயே போடுங்கள். டனலிலிருந்து பீறிவரும் நீர் படாத உயரத்தில் அது போக வேண்டும்.

டிரான்சமை மட்டும் தடிப்பாக்குவது

தள்ளுவிசையை டிரைவின் சாக்கெட் நேராக டிரான்சமுக்குக் கொடுக்கிறது. அந்த விசை ஹல்லின் நீளவாட்டு விட்டங்களான ஸ்டிரிங்கர்களுக்கு இறங்க நீ-பிராக்கெட்டுகள் (முக்கோணத் தாங்கிகள்) வேண்டும். ஸ்டீயரிங் சிலிண்டர் நங்கூரம் வரும் இடத்திலும் பின்தகடு தேவை. வெறும் பிளைவுட் அடுக்குகளைக் கூட்டினால் டிரான்சம் மொத்தமாக வளையும், சீல் விடும்.

யுனிவர்சல் ஜாயின்ட்டைப் பூஜ்ய கோணத்தில் வைப்பது

நேராக இருப்பதே நல்லது என்று தோன்றும். ஆனால் நீடில் பேரிங் உருளக் கொஞ்சமாவது கோணம் வேண்டும். ஒரே இடத்தில் அழுந்தி நின்றால் உள்ளே தழும்பு விழும். கார்டன் ஷாஃப்டின் (இந்த ஜாயின்ட்டுகள் உள்ள இணைப்புத் தண்டு) இரு முனையிலும் சமமாக 1 முதல் 3 டிகிரி வையுங்கள், நுகங்கள் ஒரே தளத்தில் நிற்கட்டும்.

அலுமினிய ஹல்லில் வெண்கல டிரைவ்

இரண்டும் நேரடியாகத் தொட்டால் கடல்நீரில் அலுமினியம் அரிபடும். இடையில் மின்கடத்தாத் தகடு, போல்ட்டுகளுக்கு உறை. இரண்டுக்கும் மின்தொடர்பு இல்லை என்று மல்டிமீட்டரில் பார்த்த பிறகே தண்ணீரில் இறக்குங்கள்.

புரொப்பல்லர் பாதையில் பொருத்துதல்கள்

குளிர்நீர் உறிஞ்சும் வாய், டிரான்ஸ்டியூசர் (ஆழமானி உணரி), அரிப்பைத் தடுக்கும் ஸிங்க் கட்டி எதுவும் ஷாஃப்டுக்கு நேர் முன்னால் ஹல் அடியில் இருக்கக் கூடாது. அவை கலக்கிவிடும் நீர்க்கோட்டை ஒவ்வொரு இதழும் ஒவ்வொரு சுற்றிலும் வெட்டும். அந்த அதிர்வைத் தேடிக் கியர்பாக்ஸைப் பிரித்தவர்கள் உண்டு.

முதல் ஓட்டத்திலேயே முழு திராட்டில்

இரண்டு டிரிம் காட்டிகளையும் கரையிலேயே ஸ்கேல் வைத்து ஒத்துப்போகச் செய்யுங்கள். ஒரு பக்கம் 15 மி.மீ. தாழ்ந்திருந்தாலும் அந்தப் பக்க இன்ஜின் அதிகச் சுமையில் ஓடும். பாதி எரிபொருளோடு, காற்றில்லாத நேரத்தில் ஓட்டி, ஒவ்வொரு 500 சுற்றுக்கும் வேகம், டிரிம், பூஸ்ட் மூன்றையும் குறியுங்கள். ஒரே டிரிமில் இரண்டு இன்ஜின்களின் சுற்றும் விலகினால், முதலில் புரொப்பல்லர் பிட்சையும் பிறகு ஷாஃப்ட் உயரத்தையும் பாருங்கள். ரிவர்ஸ் போடும் முன் டிரிமை முழுவதும் இறக்குங்கள். திரும்பி வந்ததும் டிரான்சம் போல்ட்டுகளின் முறுக்கை மறுபடி சோதித்து, உட்பக்க லாமினேட்டில் வெண்கோடு விழுந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.