மெக்கானிக்கல் வாட்ச் திடீரென வேகமாக ஓடுகிறதா?

சர்வீஸுக்குக் கொடுக்கும் முன், சாதாரணத் திசைகாட்டி ஒன்றின் மேல் வாட்ச்சை மெல்ல நகர்த்திப் பாருங்கள். திசைகாட்டியின் முள் வெடுக்கென்று திரும்பினால், பெரும்பாலும் காந்தம் ஏறியிருக்கிறது. முழு சர்வீஸுக்குப் பல நூறு வெள்ளி ஆகும். காந்தம் நீக்க, கடைக்காரருக்கு ஒரு நிமிட வேலை.

1675இல் டச்சு அறிவியலாளர் ஹைகன்ஸ் வெளியிட்ட, வாட்ச்சின் வேகத்தை ஒழுங்குபடுத்தும் சுருள்வில்தான் இன்றைக்கும் இந்த வாட்ச்சுகளின் உயிர். தலைமுடி போல மெல்லிய அந்தச் சுருளில் காந்தம் ஏறினால் வளையங்கள் ஒன்றோடொன்று ஒட்டும். வில் குட்டையானது போலாகி, வாட்ச் நாளுக்குப் பல நிமிடம்கூட முந்தும். எம்ஆர்டி ரயிலில் மடியில் வைத்திருக்கும் கைப்பையின் காந்தப் பூட்டு, கைப்பேசி உறை, புளூடூத் ஸ்பீக்கர் எல்லாமே இதைச் செய்யும். இரவில் வாட்ச்சைக் கைப்பேசி மேல் வைக்கும் பழக்கத்தை முதலில் விடுங்கள்.

வாட்ச் பின்தங்கினாலோ, கீழே விழுந்த பிறகு வேகமெடுத்தாலோ காரணம் வேறாக இருக்கலாம், சர்வீஸ்தான் வழி. சிலிக்கான் சுருள்வில்லில் காந்தம் ஏறாது. பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் வாட்ச்சில் அந்தச் சுருளே கிடையாது, அதற்கு இந்தச் சோதனை வேண்டாம்.