‘ஃபிளாஜலேட்’ என்ற ஆங்கிலச் சொல்லை எங்கே போடலாம், எங்கே வேண்டாம்

சாட்டையால் அடிப்பதற்கு ஆங்கிலத்தில் ‘விப்’, ‘ஃப்ளாக்’ என்று சாதாரணச் சொற்கள் இருக்கும்போது ‘ஃபிளாஜலேட்’ எதற்கு என்று கேட்டால், அதற்கென்று தனி இடங்கள் உண்டு. அதை விட்டு வேறு இடத்தில் போட்டால் அகராதியைப் புரட்டி எழுதியது பளிச்சென்று தெரிந்துவிடும்.

முதல் இடம் மதம். 1349இல் கொள்ளைநோய் ஐரோப்பாவைச் சூறையாடியபோது சிலர் கூட்டம் கூட்டமாக ஊர் ஊராகப் போய், முடிச்சுப் போட்டு இரும்பு முள் செருகிய தோல்வார்ச் சாட்டையால் தங்கள் முதுகில் தாங்களே ரத்தம் வர அடித்துக்கொண்டார்கள், பாவம் தீரட்டும் என்று. அவர்களுக்குப் பெயரே ‘ஃபிளாஜலன்ட்’. போப் ஆறாம் கிளமென்ட் அதே ஆண்டு அதைக் கண்டித்துத் தடை போட்டார். ஆக, வேண்டுதலாகவோ தவமாகவோ அடித்துக்கொள்வதைப் பற்றி எழுதும்போது இந்தச் சொல் கச்சிதமாக உட்காரும். நீதிமன்றம் விதிக்கும் கசையடிக்கு ‘ஃப்ளாகிங்’ போதும், சிங்கப்பூரின் பிரம்படி என்றால் ‘கேனிங்’.

இன்று அதிகம் கண்ணில் படுவது ‘செல்ஃப்-ஃபிளாஜலேஷன்’தான். இங்கே சாட்டை கிடையாது, நடந்துபோன தப்புக்காக ஒருவர் தன்னையே விடாமல் நொந்துகொள்வது. ‘ஸ்டாப் ஃபிளாஜலேட்டிங் யுவர்செல்ஃப்’ என்றால் ‘போதும், உன்னையே குத்திக்கிட்டு இருக்காதே’ என்று அர்த்தம். அடுத்தவரைத் திட்டித் தீர்ப்பதற்கு இதைப் போடாதீர்கள், அதற்கு ‘லாம்பேஸ்ட்’ இருக்கிறது.

அப்புறம் உயிரியல். லத்தீனில் ‘ஃபிளஜெல்லம்’ என்றால் சின்னச் சாட்டை. யூக்ளினா, ஜியார்டியா, தூக்கநோயைக் கொடுக்கும் டிரிபனோசோமா போன்ற ஒரு செல் உயிரிகள் எல்லாம் சாட்டை மாதிரி இழையை வீசி நீந்துவதால் அவற்றுக்கும் ‘ஃபிளாஜலேட்’ என்றே பெயர். தமிழில் அந்த இழை கசையிழை, இலங்கைப் பாடநூல்களில் சவுக்குமுளை.

உச்சரிப்பில் கவனம் வேண்டும். வினைச்சொல்லாக வந்தால் கடைசி அசை ‘லேட்’, உயிரியைக் குறிக்கும் பெயராக வந்தால் ‘லட்’ என்று மெலியும். இரண்டிலும் அழுத்தம் முதல் அசையில், ‘ஃபிளஜெல்லம்’ என்னும்போது மட்டும் அது நடுவில் ‘ஜெ’க்குப் போய்விடும்.