பல டிஸ்க் பிடிஆர்எஃப்எஸ்: கடைசி டிஸ்க் வந்த பிறகே மவுண்ட்

லினக்ஸ் கணினியில் யூஎஸ்பி டாக்கில் இரண்டு ஹார்ட் டிஸ்க் போட்டு பிடிஆர்எஃப்எஸ் (btrfs என்ற லினக்ஸ் ஃபைல்சிஸ்டம்) ரெய்டு1 (ஒரே தரவின் பிரதி இரண்டு டிஸ்க்கிலும் இருக்கும் முறை) வைத்திருக்கிறீர்கள், செருகினால் தானாக மவுண்ட் ஆக வேண்டும், அதாவது ஒரு ஃபோல்டரில் இணைந்து திறக்க வேண்டும். இரண்டும் ஒரே நொடியில் வருவதில்லை என்பதுதான் இதில் சிக்கல். ஒன்று முந்தும், மற்றது சுழன்று தயாராகிச் சில விநாடி கழித்து வரும், முதல் டிஸ்க்கைக் கண்டதுமே மவுண்ட் செய்யப் பார்த்தால் தோற்கத்தான் செய்யும்.

பலர் யூடெவ் (udev, சாதனம் செருகப்பட்டதும் வினையாற்றும் லினக்ஸ் சேவை) விதியின் ரன் (RUN, ஓட்ட வேண்டிய கட்டளை) பகுதியில் நேரடியாக மவுண்ட் கட்டளையை எழுதுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். யூடெவ் தனி மவுண்ட் நேம்ஸ்பேஸில் (மவுண்ட்களின் தனிப் பட்டியல்) ஓடுவதால் அங்கே மவுண்ட் செய்தது வெளியே தெரியவே தெரியாது.

காத்திருக்கும் வேலையை சிஸ்டம்டி (systemd, லினக்ஸில் சேவைகளையும் மவுண்ட்களையும் நிர்வகிப்பது) ஏற்கெனவே செய்கிறது. ஒவ்வொரு டிஸ்க் வரும்போதும் அதன் யூடெவ் விதி "எல்லா உறுப்பு டிஸ்க்கும் வந்தாச்சா?" என்று கர்னலை (லினக்ஸின் மையப் பகுதி) கேட்கும், இல்லையென்றால் அந்த டிஸ்க்கைத் தயாரில்லை என்று குறித்து வைக்கும், கடைசி டிஸ்க் வந்ததும் காத்திருந்தவற்றை மறுபடி எழுப்பும். நீங்கள் எஃப்எஸ்டேப்பில் (/etc/fstab, மவுண்ட் பட்டியல் கோப்பு) ஒரே ஒரு வரி எழுதினால் போதும்: டிஸ்க் பெயர் மாறிக்கொண்டே இருக்கும் என்பதால் ஃபைல்சிஸ்டத்தின் அடையாள எண்ணான யூயூஐடி போடுங்கள் (எல்லா டிஸ்க்குக்கும் அது ஒன்றுதான்), கூடவே நோஃபெயில் (nofail, டிஸ்க் இல்லாவிட்டாலும் பூட் நிற்காது), எக்ஸ்-சிஸ்டம்டி.ஆட்டோமவுண்ட் (x-systemd.automount). அந்த ஃபோல்டரைத் தொட்டால் மவுண்ட் ஆகிவிடும். டிஸ்க்குக்காகக் காத்திருக்கும் நேரமான டிவைஸ்-டைம்அவுட்டையும் (x-systemd.device-timeout) 15 விநாடி அளவுக்குக் குறையுங்கள், இல்லாவிட்டால் ஒரு டிஸ்க் வராத அன்று அங்கே கோப்புகளைப் பட்டியலிடும் வெறும் எல்எஸ் கட்டளை கூட 90 விநாடி தொங்கும்.

டிகிரேடட் (ஒரு டிஸ்க் இல்லாமலே மவுண்ட் செய்ய விடும்) விருப்பத்தை எஃப்எஸ்டேப்பில் போட்டு வைக்காதீர்கள். சிஸ்டம்டி முழு எண்ணிக்கைக்குக் காத்திருப்பதால் அங்கே அது உதவவும் உதவாது. இன்று ஒரு டிஸ்க்கை மட்டும், நாளை மற்றதை மட்டும் அப்படி மவுண்ட் செய்து இரண்டிலும் எழுதிவிட்டால் பிறகு அவற்றை ஒன்று சேர்க்க வழியில்லை. உண்மையிலேயே ஒன்று செத்துப்போனால் டிகிரேடட் போட்டுக் கையால் மவுண்ட் செய்யுங்கள், அதுவும் முடிந்தவரை படிக்க மட்டும்.

சரி, ஓடிக்கொண்டிருக்கும்போதே கேபிள் கழன்றால்? மீண்டும் செருகினால் டிஸ்க் புதுப் பெயரில் வரும், ஆனால் மவுண்ட் ஆகியிருக்கும் ஃபைல்சிஸ்டம் அதைச் சேர்த்துக்கொள்ளாது, பழைய பெயருக்கே எழுத முயன்று பிழை எண்ணிக்கையை ஏற்றிக்கொண்டே போகும். அன்மவுண்ட் செய்து, மறுபடி மவுண்ட் செய்து, உடனே ஸ்க்ரப் (முழுத் தரவையும் படித்துச் சரிபார்க்கும் கட்டளை) ஓட்டுங்கள்; செக்சம் (தரவைச் சரிபார்க்கும் எண்) பொருந்தாத பழைய பிரதிகளை அது மற்ற டிஸ்க்கிலிருந்து சரிசெய்துவிடும். நோடேட்டாகவ் (nodatacow, பழைய இடத்திலேயே மேலெழுதும் அமைப்பு) வைத்த விர்ச்சுவல் மெஷின் இமேஜ்களுக்கு மட்டும் செக்சமே கிடையாது, ஸ்க்ரப்புக்கு அவற்றில் எது பழசு என்று தெரியாது, அவற்றை பேக்கப்பிலிருந்து எடுப்பதே பாதுகாப்பு.