வீட்டோடு தங்கி வேலை செய்பவரைக் கணக்கு முடித்து அனுப்பும்போது

அலுவலகத்தில் வேலை போனவர் மறுநாள் காலை தன் வீட்டில்தான் கண்விழிப்பார். வீட்டோடு தங்கி வேலை செய்பவருக்கோ சம்பளம், படுக்கை, சாப்பாடு மூன்றும் ஒரே நாளில் நின்றுவிடும். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2011இல் வீட்டு வேலை செய்பவர்களுக்கான 189ஆம் உடன்படிக்கையோடு சேர்த்துக் கொண்டுவந்த 201ஆம் பரிந்துரை இதைக் கணக்கில் எடுத்திருக்கிறது. பெரிய தவறு எதுவும் செய்யாத ஒருவரை நாமாக நிறுத்தினால், அவருக்கு நியாயமான முன்னறிவிப்பு தர வேண்டும். அந்த நாட்களில் வேறு வேலையும் இடமும் தேட நேரமும் விட வேண்டும். உங்கள் நாட்டுச் சட்டமோ ஒப்பந்தமோ இதைவிட அதிகம் கேட்டால் அதன்படி நடக்க வேண்டும்.

வாயைத் திறப்பதற்கு முன் ஒப்பந்தத்தை எடுத்து நான்கு விஷயங்களைப் பாருங்கள்: நோட்டீஸ் எத்தனை நாள், நோட்டீஸ் இல்லாமல் அனுப்பினால் எவ்வளவு பணம், எடுக்காத விடுப்புக்கு என்ன கணக்கு, ஊர் போய்ச் சேரும் செலவு யாருடையது. அவர் வெளிநாட்டவர் என்றால் ஐந்தாவதாக ஒன்று உண்டு. வேலை அனுமதியை ரத்து செய்த பிறகு எத்தனை நாள் அந்த நாட்டில் இருக்கலாம் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சில இடங்களில் 2 வாரம்தான். அவசரப்பட்டு ரத்து செய்துவிட்டால், வேறு வீடு தேடும் வழி அவருக்கு அடைபட்டுவிடும். புது முதலாளிக்கு மாற முடியுமா என்று பார்த்துவிட்டு ரத்துக்குப் போகலாம்.

அடுத்து, சொல்லும் நேரம். இரவு வேண்டாம், விடுமுறைக்குக் கிளம்பும் காலையிலும் வேண்டாம். அடுத்த நாள் அவருக்கு ஓய்வாக இருந்தால் நல்லது. வீட்டுக்கு போன் செய்து பேசவும் யோசிக்கவும் முடியும். ஏஜென்சிக்கு முதலில் சொல்லி, அங்கிருந்து அவருக்கு போன் வந்து விஷயம் தெரிவதுதான் அடிக்கடி நடக்கும் சொதப்பல். குழந்தைகள் உளறிவிடுவது அடுத்தது. ஆகவே முதலில் அவரிடம், பிறகு குழந்தைகளிடம், பிறகு ஏஜென்சியிடம்.

பேச்சு நீள வேண்டியதில்லை. தேதி, காரணம், அதுவரை என்ன நடக்கும், இவ்வளவு போதும். “அக்கா, உட்காருங்க. அடுத்த மாசம் 30ஆம் தேதியோட வேலையை முடிச்சுக்கலாம்னு முடிவு பண்ணியிருக்கோம். பையன் முழுநேரப் பள்ளிக்குப் போறான், இனிமே நாள் முழுக்க ஆள் தேவைப்படாது. அதுவரைக்கும் சம்பளம், ரூம், சாப்பாடு எதுவும் மாறாது.” காரணம் வேலைத்தரம் என்றால் அதையும் நேராகச் சொல்லிவிடுங்கள். பொய்க் காரணம் சொல்லிவிட்டு அடுத்த வாரமே புது ஆளை எடுத்தால், அது அவர் காதுக்கு எட்டாமல் இருக்காது. சொன்னதையே ஒரு தாளில், அவர் வாசிக்கும் மொழியில் எழுதிக் கொடுங்கள்.

கணக்கு முடிப்பதில்தான் மனக்கசப்பு அதிகம் வரும். ஒரு நாள் சம்பளம் என்பது மாதச் சம்பளத்தை 30ஆல் வகுத்ததா, 26ஆல் வகுத்ததா என்பதை ஒப்பந்தத்திலோ சட்டத்திலோ பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். மாதம் 30,000, வகுப்பது 30ஆல் என்று வைத்துக்கொள்வோம். கடைசி நாள் 18ஆம் தேதி என்றால் 18,000. எடுக்காத விடுப்பு 6 நாளுக்கு 6,000. நோட்டீஸில் 15 நாள் பாக்கி இருக்கும்போதே அனுப்பினால் 15,000. வாங்கிய அட்வான்ஸில் பாக்கி 4,000 கழியும். கையில் 35,000. ஒவ்வொன்றையும் தனி வரியாக எழுதி, இரண்டு பிரதியில் இருவரும் கையெழுத்துப் போடுங்கள். வெற்றுத் தாளிலோ, பணம் கைக்கு வருவதற்கு முன்போ கையெழுத்து வாங்கக் கூடாது. உடைந்த பாத்திரத்துக்கும் தீய்ந்த சட்டைக்கும் இப்போது உட்கார்ந்து பிடித்தம் போடுவது அற்பத்தனம். பல நாடுகளில் சட்டமும் அதற்கு இடம் தராது. ஊர் போகும் டிக்கெட்டை இந்தத் தொகையில் கழிக்காதீர்கள். நாடு விட்டு நாடு வந்தவர் எந்த நிபந்தனைகளில் தன் செலவில்லாமல் ஊர் திரும்பலாம் என்பதை நாடுகள் சட்டத்திலோ விதியிலோ சொல்ல வேண்டும் என்று அதே பரிந்துரை கேட்கிறது.

பலரும் கோட்டை விடும் இடம் சிம் கார்டு. சிம் உங்கள் பெயரில் வாங்கியதாக இருக்கும், அவருடைய வங்கிக் கணக்கோ அந்த எண்ணோடு இணைந்திருக்கும். அவர் போன பின் சிம்மை நிறுத்தினால் ஓடிபி வராது. சேர்த்த பணத்தை அவராலேயே எடுக்க முடியாமல் போகும். இன்னொரு தொல்லை, கணக்கே உங்கள் எண்ணில் பதிவாகியிருப்பது. கடைசி வாரத்துக்கு முன்பே எண்ணை அவர் பெயருக்கோ, கணக்கை அவர் எண்ணுக்கோ மாற்றி, அவர் போனில் ஒருமுறை பணம் அனுப்பிப் பார்த்துவிடுங்கள். பாஸ்போர்ட், அடையாள அட்டை உங்கள் அலமாரியில் இருந்தால் இன்றே கொடுங்கள். அவை அவரிடம்தான் முதலிலிருந்தே இருந்திருக்க வேண்டும்.

பணிச்சான்றில் “நல்லவர், நேர்மையானவர்” என்று மட்டும் எழுதினால் அடுத்த வீட்டில் அது செல்லாது. எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, எத்தனை வயதுக் குழந்தை, படுக்கையில் இருந்தவரைத் தூக்கி உட்காரவைக்கும் பழக்கம் உண்டா, சமையல் என்னென்ன, ஏன் விலகுகிறார், உங்கள் எண் என்று எழுதுங்கள்.

புது ஆள் வருகிறார் என்றால் இருவரையும் ஒரே அறையில் நெருக்கிப் படுக்கவைத்து “இவங்களுக்குக் கத்துக்கொடுங்க” என்று சொல்ல வேண்டாம். பெரியவரின் மாத்திரை நேரம், குழந்தை எதைச் சாப்பிட்டால் ஒவ்வாது என்பதையெல்லாம் அவரோடு உட்கார்ந்து நீங்களே எழுதி எடுத்துக்கொள்ளலாம். அதையும் வேலை நேரத்தில் செய்யுங்கள்.

கிளம்பும் நாளில் பெட்டியைத் திறந்து சோதிப்பதைப் போல் வருடக்கணக்கான உழைப்பைக் கொச்சைப்படுத்துவது வேறில்லை. விமானம் என்றால் இரண்டு நாள் முன்பே எடை போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கூடுதலாக இருப்பதைத் தனிப் பார்சலாக அனுப்ப அப்போதுதான் நேரம் இருக்கும். அவர் வளர்த்த குழந்தை பள்ளிக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்து அனுப்பிவைக்க வேண்டாம். திரும்பி வந்து காலி அறையைப் பார்க்கும் பிள்ளை ஏதோ தப்பு நடந்துவிட்டதாகத்தான் நினைக்கும். இருவரும் நேரில் விடைபெறட்டும். குழந்தையோடு எந்த நாளில் வீடியோ காலில் பேசலாம் என்பதையும் கிளம்பும் முன்பே சொல்லி வைத்துவிடுங்கள்.