நாலு மணிக்கு அணையும் லைட்: இரவுக் காவலுக்கு டார்ச் வாங்கும்போது செய்யும் தவறுகள்

மன்னார்குடிப் பக்கம் ஒரு நெல் கொள்முதல் நிலையத்தில் ஒரு குறுவை, ஒரு சம்பா என இரண்டு பருவம் இரவுக் காவல் பார்த்தேன். குறுவையில் மட்டும் மூன்று டார்ச் மாற்றினேன். முதலாவது ஐப்பசி மழையில் போனது. இரண்டாவது மூட்டை அட்டியின் மேலிருந்து சிமென்ட் தரையில் விழுந்தது. மூன்றாவதுக்கு ஒரு சேதமும் இல்லை, ஆனால் விடியற்காலை மூன்றரை மணிக்கே சார்ஜ் தீர்ந்து கண்ணை மூடிக்கொள்ளும். மூட்டைக்குக் கை வைக்கிறவனும் சரி, எலி தேடி வரும் பாம்பும் சரி, காவலாளி அசரும் அந்த நேரத்துக்குத்தான் காத்திருப்பார்கள். மூன்றுமே என் கைக்காசு. தப்பு லைட்டில் பாதி, கடையில் நான் கேட்ட கேள்வியில் பாதி.

நான் கேட்ட கேள்வி, ‘எத்தனை லூமன்?’ எல்லோரும் அதைத்தான் கேட்கிறோம், கடைக்காரரும் பெரிய எண்ணாகப் பார்த்து எடுத்துத் தருவார். லூமன் என்பது லைட்டிலிருந்து வெளியே வரும் மொத்த வெளிச்சம். அது எத்தனை மணி நேரம் நிற்கும் என்பது வேறு கணக்கு. இன்றைய சார்ஜர் டார்ச் பலவற்றில் இருப்பது 18650 என்ற செல். 18 மி.மீ. குறுக்களவு, 65 மி.மீ. நீளம், அதனால்தான் அந்தப் பெயர். நல்ல செல் என்றால் சுமார் 3000 எம்.ஏ.எச். (மில்லி ஆம்பியர்-மணி, செல்லின் கொள்ளளவு) பிடிக்கும், அதாவது ஏறத்தாழ 11 வாட்-மணி. ஒரு வாட்டுக்கு 100 லூமன் கிடைக்கிறது என்று வைத்துக்கொண்டால், 1000 லூமனில் எரித்தால் ஒரு மணி நேரம்தான் வரும். 100 லூமனில் எரித்தால் பத்து, பதினொரு மணி நேரம் வரும். நம் ஷிஃப்ட் ராத்திரி எட்டு முதல் காலை எட்டு வரை. கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

அப்படியென்றால் பெட்டியில் ‘1000 லூமன், 6 மணி நேரம்’ என்று எப்படிப் போடுகிறார்கள்? முழுப் பொய் என்று சொல்ல முடியாது. அமெரிக்காவில் 2009-இல் வந்த எஃப்.எல்.1 என்ற தர அளவீட்டின்படி, லைட்டைப் போட்ட முதல் இரண்டு நிமிடத்துக்குள் வெளிச்சத்தை அளக்கிறார்கள். அந்த வெளிச்சம் பத்தில் ஒரு பங்காகக் குறையும்வரை ஆகும் நேரம் ‘எரியும் நேரம்’ ஆகிவிடுகிறது. சின்ன டார்ச் 1000 லூமனில் சில நிமிடம் எரிந்தாலே கை சுடும், சூடு தாங்காமல் தானாகவே வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும். மிச்ச நேரமெல்லாம் நாம் பிடித்துக்கொண்டு நடப்பது அந்தக் குறைந்த வெளிச்சத்தைத்தான். அதனால் பெரிய எண்ணை விட்டுவிட்டு, நூறு நூற்றைம்பது லூமன் நிலையில் எத்தனை மணி நேரம் வரும் என்று கேளுங்கள். அதைப் பெட்டியில் போடாத லைட்டை நான் இப்போது கையில் எடுப்பதே இல்லை.

செல்லிலும் இதே கூத்து. 18650 அளவில் 9900 எம்.ஏ.எச். என்று அச்சடித்த செல் தஞ்சாவூர், கும்பகோணம் கடைகளில்கூட மலிவாகக் கிடைக்கும். நல்ல கம்பெனிகளாலேயே அந்த அளவுக்குள் 3500-ஐ ஒட்டித்தான் அடைக்க முடிகிறது, 9900 எங்கிருந்து வரும்? சந்தேகம் இருந்தால் மளிகைக் கடை எலெக்ட்ரானிக் தராசில் வையுங்கள். ஒழுங்கான செல் 45 கிராம் அளவுக்கு நிற்கும். முப்பது கிராம் காட்டினால் உள்ளே பாதி காலி.

அடுத்தது தூரம். ‘அரை கிலோமீட்டர் அடிக்கும் சார்’ என்பார்கள். அதே எஃப்.எல்.1 கணக்கில் ஒரு லைட்டின் தூரம் என்பது, பௌர்ணமி நிலா அளவு வெளிச்சம் போய் விழும் இடம். அங்கே ஆள் நிற்பது தெரியும், யாரென்று தெரியாது. முகம் தெரிய அதில் பாதித் தூரம்கூட வராது. தூரத்தை இரட்டிப்பாக்க நடுக்கற்றையின் செறிவு நான்கு மடங்காக வேண்டும். அந்தச் செறிவை அளப்பது கேண்டெலாவில். 200 மீட்டருக்கு 10,000 கேண்டெலா என்றால் 400 மீட்டருக்கு 40,000. எங்கள் களமோ ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நூறு மீட்டர்கூட வராது. அங்கே வேண்டியது அட்டிக்கும் அட்டிக்கும் நடுவில், தார்ப்பாய்க்கு அடியில், காலடியில் பரவும் வெளிச்சம். ஊசிமாதிரி அடிக்கும் லைட்டை வெள்ளைச் சாக்கின் மேல் அடித்துப் பாருங்கள், நம் கண்தான் கூசும். வேதாரண்யம் பக்கத்து இறால் பண்ணைக் கரையில் காவல் என்றால் கதை வேறு. குளத்துக்கு அந்தக் கரையில் யார் நடக்கிறார் என்று பார்க்க வேண்டும், அங்கே தூரம் அடிப்பதுதான் உதவும். எந்த இடத்துக்கு என்று சொல்லாமல் ‘நல்ல லைட் ஒன்று கொடு’ என்பது, எந்த நோய் என்று சொல்லாமல் மாத்திரை கேட்பது மாதிரிதான்.

பனிக்கும் இதே விதி. தை மாதப் பனிமூட்டத்தில் லைட்டைக் கண் மட்டத்தில் பிடித்தால் முன்னால் வெள்ளைச் சுவர்தான் தெரியும். இடுப்புக்குக் கீழே பிடித்துத் தரையோடு அடித்தால் வழி தெரியும். தலையில் மாட்டும் லைட்டுக்கு அங்கேதான் சிக்கல். இரண்டு கையும் காலியாக இருப்பது வசதிதான், ஆனால் பனியில் கண் கூசும், ஐப்பசியில் வெளிச்சத்துக்கு வரும் பூச்சியெல்லாம் நேராக வாய்க்குள் வரும்.

வெளிச்சத்தின் நிறத்தை நான் வெகுநாள் கவனிக்கவே இல்லை. நீலம் கலந்த வெள்ளை வெளிச்சம் பார்க்கப் பளிச்சென்று இருக்கும், ஆனால் வைக்கோல், சாக்கு, காய்ந்த மண் எல்லாவற்றையும் ஒரே சாம்பல் நிறமாகக் காட்டும். கண்ணாடி விரியனின் உடம்பும் அதே பழுப்புக் குடும்பம்தான். கொஞ்சம் மஞ்சள் சேர்ந்த வெள்ளையில், அதாவது வெளிச்ச நிறத்தின் அளவான கெல்வினில் 4000 முதல் 5000-க்குள், அதன் உடம்புப் புள்ளிகள் தனியாகத் தெரியும். லூமன் சற்றுக் குறைந்தாலும் பரவாயில்லை, இதைத்தான் வாங்குவேன்.

‘வாட்டர் ப்ரூஃப்’ என்று எழுதியிருப்பதை நம்பித்தான் என் முதல் லைட் போனது. வார்த்தையை விட்டு, தண்ணீரை எவ்வளவு தாங்கும் என்று சொல்லும் ஐ.பி. எண்ணைப் பாருங்கள். ஐ.பி.எக்ஸ்.4 என்றால் தெறிக்கும் தண்ணீரைத் தாங்கும், அவ்வளவுதான். ஐ.பி.எக்ஸ்.7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி கிடந்தாலும் உள்ளே நீர் போகாது. டெல்டாவின் வடகிழக்குப் பருவமழைக்கு ஏழுக்குக் குறைந்து வாங்காதீர்கள். சார்ஜ் போடும் துளையின் ரப்பர் மூடி சரியாக உட்கார்ந்தால்தான் அந்த ஏழும் ஏழு. எண் உண்மையா என்று வீட்டிலேயே பார்க்கலாம். செல்லை எடுத்துவிட்டு உள்ளே ஒரு துண்டு டிஷ்யூ காகிதம் சுருட்டி வைத்து, மூடி, வாளித் தண்ணீரில் அரை மணி போடுங்கள். காகிதம் நனைந்திருந்தால் மறுநாளே கடைக்குப் போங்கள். மரையில் இருக்கும் ரப்பர் வளையத்துக்குச் சிலிக்கான் கிரீஸ் போதும். வாசலின் தடவினால் சில வகை ரப்பர் ஊதிவிடும்.

நாகப்பட்டினம் கடற்கரையோரம் தகர உடம்பு லைட் ஒரு பருவம் தாங்கினாலே பெரிது. உப்புக் காற்று அலுமினியத்தையும் விடாது, மரை வெள்ளை பூத்து இறுகிப்போகும். பிளாஸ்டிக் என்றால் இளக்காரம் வேண்டாம், கெட்டியான பிளாஸ்டிக்குக்குத் துரு என்ற பேச்சே இல்லை.

அஞ்சு கட்டை பேட்டரி லைட்டைத் தடியாகவும் வைத்துக்கொள்ளலாம் என்று வாங்குகிறவர்கள் உண்டு. ஒரு அடி அடித்தால் உள்ளே தொடுமுனை விலகும், நடு இருட்டில் நீங்களும் திருடனும் தனியாக நிற்பீர்கள். தடி வேண்டுமென்றால் தடி வாங்குங்கள்.

சுவிட்சை ஒவ்வொரு தடவை அமுக்கும்போதும் மினுக்கு, எஸ்.ஓ.எஸ். (ஆபத்து சைகை) என்று சுற்றி வரும் லைட் காவலுக்கு ஆகாது. ஈரக்கையால் ஒரே அமுக்கில் எரிய வேண்டும்.

செல் வெளியே எடுக்க வராத லைட்டை வாங்கி நான் பட்டது போதும். 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையேறிய பிறகு பல ஊர்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. உள்ளேயே செல் பூட்டிய சார்ஜர் லைட்டெல்லாம் பொம்மையாகிவிட, கடையில் கட்டை வாங்கிப் போட்டவர்கள் வீட்டில்தான் வெளிச்சம். அதே கட்டையை வேலை இல்லாத மாதங்களிலும் லைட்டுக்குள்ளேயே விட்டால் கசிந்து சுருளைத் தின்றுவிடும். ஈய-அமில பேட்டரி போட்ட பெரிய சார்ஜர் லைட்டுக்கு வேறு குணம், காலியாகக் கிடந்தால் செத்துவிடும், மாதம் ஒருமுறையாவது சார்ஜ் ஏற்ற வேண்டும்.

சம்பாவுக்கு வாங்கிய லைட்டை முதல் நாளே களத்துக்குக் கொண்டுபோகவில்லை. மாலை ஏழு மணிக்கு வீட்டுத் திண்ணையில் 120 லூமனில் போட்டுவிட்டுப் படுத்தேன். நாலு மணிக்கு அலாரம் வைத்து எழுந்து பார்த்தபோது எரிந்துகொண்டிருந்தது. அப்புறமும், பையில் பென்சில் பேட்டரி போடும் சின்ன லைட் ஒன்று எப்போதும் இருக்கும், செல்லைத் தனியாகப் பிளாஸ்டிக் உறையில் சுற்றி.